அம்மாவின் செம்பும் பதுளையின் கதையும்

என் அம்மா பிறந்த லயத்தை நான் முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு வயது 42. அம்மா இறந்து அப்போது பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

அம்மா 1958இல் பதுளை மாவட்டத்தில், பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். 1973, 1974ஆம் ஆண்டுகளில் தோட்டங்களை வாட்டிய பஞ்சத்தை மரவள்ளிக் கிழங்கும் கீரையும் தின்று கடந்தவர். 1977 ஓகஸ்டில் வன்செயல் வந்தது. இரண்டு இரவுகள் தேயிலைச் செடிகளுக்குள் ஒளிந்திருந்துவிட்டு, உடுத்த துணியோடு வவுனியாவுக்கு வந்து சேர்ந்தார். பிறகு கிளிநொச்சியில் காடு வெட்டிக் குடியேறினார்கள். அப்படி வந்த குடும்பங்கள் வன்னியில் எத்தனையோ. இதை வாசிக்கும் சகோதரிகளில் சிலரும் அப்படி வந்தவர்களின் பிள்ளைகளாக இருப்பீர்கள்.

2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் அம்மாவை இழந்தோம். அவருடைய உடுப்புப் பெட்டியை அதற்கு முன்பே, இடம்பெயர்ந்த வழியில் எங்கோ விட்டுவிட்டோம். அவருடைய படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. என் மகள் ஒருநாள், "அம்மம்மா எப்படி இருப்பா?" என்று கேட்டாள். சொல்லத் தெரிந்தது, காட்ட எதுவும் இல்லை. அந்தக் கேள்விதான் என்னைப் பதுளைக்கு அனுப்பியது.

பதுளை நகரில்

2024 ஓகஸ்டில் நானும் மகளும் புறப்பட்டோம். கிளிநொச்சியிலிருந்து கண்டிக்கு ஒரு பஸ், கண்டியிலிருந்து பதுளைக்கு இன்னொன்று. விடிய ஏறினால் பொழுதுபட்டுத்தான் இறங்கலாம்.

பதுளை மலைகள் சூழ்ந்த ஊர். ஒரு பக்கம் நமுனுகுல மலை உயர்ந்து நிற்கிறது. ஊரைச் சுற்றி பதுளை ஓயா ஓடுகிறது. முதியங்கனை விகாரை, கதிர்காமத் தேவாலயம், கோயில்கள், பள்ளிவாசல், சேர்ச் எல்லாம் நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன. கடைத்தெருவில் மூன்று மொழியும் கேட்கிறது. மலைநாட்டுப் புகையிரதப் பாதை இங்கே வந்து முடிகிறது. கொழும்பிலிருந்து மலையேறி வந்த அந்தப் பாதை 1924இல்தான் பதுளையைத் தொட்டது. தெமோதரைக்குக் கிட்ட உள்ள ஒன்பது வளைவுப் பாலத்தை 1921இல் கட்டி முடித்தார்கள்.

மறுநாள் காலை, பசறை பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் ஊரைச் சுற்றிப் பார்த்தோம். சென் மார்க்ஸ் சேர்ச் 1857இல் கட்டப்பட்டது. மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரியின் நினைவாக அவருடைய நண்பர்கள் கட்டியது. யானைகளை நூற்றுக்கணக்கில் சுட்டவர் என்று பேரெடுத்த அவர் 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். பெயர், பதவி, இறந்த விதம் எல்லாம் தெரிகிறது.

அந்தக் காலத்தில் காடு வெட்டியவர்கள், ரோடு போட்டவர்கள், கோப்பி நட்டவர்கள் யார்? கோப்பி நோயில் அழிந்தபின் தேயிலை நட்டவர்கள் யார்? தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து, தலைமன்னாரில் இறங்கி, காட்டுப் பாதையில் நடந்து வந்தவர்களில் வழியிலேயே செத்தவர்களின் பெயரை எந்தக் கல்லில் தேடுவது? என் பாட்டனுக்குப் பாட்டி அப்படி வந்தவர் என்று அம்மா சொல்லியிருக்கிறார். பெயர் அம்மாவுக்கும் தெரியாது.

நான் சேர்ச்சைக் குறை சொல்லவில்லை. செத்தவரை நினைப்பது நல்ல காரியம். அந்த நினைப்பு எங்கள் ஆட்களுக்கும் வேண்டும் என்றுதான் சொல்கிறேன். 1818இல் ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்து, ஊரும் வயலும் எரிக்கப்பட்ட ஊவா வெல்லஸ்ஸச் சிங்கள விவசாயிகளுக்கும் அந்த நினைப்பு உரியது. கடைத்தெருவை வளர்த்த முஸ்லிம் குடும்பங்களுக்கும் உரியது. 1983 ஜூலையில் இதே கடைத்தெரு எரிந்தபோது வீட்டையும் உறவையும் இழந்தவர்களுக்கும் உரியது. ஒரு நகரத்தின் கதை என்றால் இத்தனை பேரும் அதற்குள் வரவேண்டும்.

பெரியம்மாவின் காம்பரா

பசறையில் இறங்கி ஓட்டோ பிடித்தோம். ரோடு முடிந்த இடத்திலிருந்து படி ஏறினால் லயம். தகரக் கூரை, இஸ்தோப்பு, ஒரு காம்பரா, பின்னால் குசினி. அம்மா பிறந்ததும் வளர்ந்ததும் அவ்வளவு இடத்துக்குள்தான். அவருடைய அக்கா, என் பெரியம்மா, இன்னும் அதே காம்பராவில் இருக்கிறார். வயது 71. ஐம்பது வருடத்துக்கு மேல் கொழுந்தெடுத்த கை. விரல் நுனியில் கறுப்புக் கறை போகவே இல்லை.

"வாடி மகளே. ஒங்கம்மா நடையே ஒனக்கு" என்றார். பிறகு அழுதார். நானும் அழுதேன். மகள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தேத்தண்ணி குடித்தபின் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு ட்ரங்குப் பெட்டியை இழுத்தார். பழைய கூப்பன் புத்தகம், தாத்தாவின் பிரஜாவுரிமை விண்ணப்பக் கடிதங்கள், மங்கிப்போன படங்கள், அம்மாவின் பிறப்புச் சான்றிதழ். 1948ஆம் ஆண்டின் சட்டத்தால் நாடற்றவர்களாகி, 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தால் இங்கே பாதி அங்கே பாதி என்று பிரிக்கப்பட்ட எங்கள் குடும்பத்தின் கதை அந்தக் காகிதங்களில் இருந்தது. தாத்தாவின் தம்பி குடும்பம் தலைமன்னாரில் கப்பல் ஏறியபோது எழுதிய கடிதமும் இருந்தது. எங்கள் மக்களில் எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கும் குடியுரிமை தரும் சட்டம் 2003இல்தான் வந்தது. தாத்தா அதற்கு முன்பே போய்விட்டார்.

பெட்டியின் அடியில், பழைய சேலைத் துணியில் சுற்றிய ஒரு பித்தளைச் செம்பு. அம்மாவின் சடங்குக்குத் தாய்மாமன் வைத்த சீர். கழுத்தில் புள்ளி புள்ளியாக அம்மாவின் பெயரும் 1971 என்ற ஆண்டும் வெட்டியிருந்தது. பெயரில் ஓர் எழுத்துப் பிழை. "வெட்டுன ஆசாரிக்கு எழுத்துத் தெரியாது. ஒங்கம்மா ஒரு வாரம் அழுதா" என்று சொல்லிப் பெரியம்மா சிரித்தார். வன்செயல் அன்று அதைக் குப்பைக் குழியில் புதைத்துவிட்டுத்தான் ஓடினார்களாம். பெரியம்மா திரும்பி வந்து தோண்டி எடுத்து, 47 வருடம் தங்கைக்காக வைத்திருந்தார்.

"எடுத்துக்கிட்டுப் போ. இது அவளோடது" என்றார்.

படங்களில் இரண்டில் அம்மா இருந்தார். ஒன்றில் பதினாறு வயது, இடுப்பில் படங்கு, முதுகில் கூடை. மகள் அதைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசவில்லை. நான் கைத்தொலைபேசியால் அந்தப் படங்களையும் பிறப்புச் சான்றிதழையும் சில கடிதங்களையும் படம் பிடித்தேன். முழுவதையும் பிடிக்க பற்றரி போதவில்லை. அடுத்த முறை வரும்போது செய்யலாம் என்று விட்டுவிட்டேன்.

கோச்சியில் கம்பளைக்கு

பதுளையிலிருந்து திரும்பும்போது கோச்சியில் வந்தோம். கம்பளையில் இறங்கவேண்டும் என்பது என் திட்டம். கம்பளைக்கு அருகே ஓல்ட் பீகொக் தோட்டத்தில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். 2007இல் கண்டியிலுள்ள சமூக அபிவிருத்தி நிறுவனம் ஏற்படுத்தியது.

கோச்சி எல்ல, பண்டாரவளை, ஹப்புத்தளை என்று ஏறுகிறது. வெளிநாட்டு உல்லாசப் பயணிகள் கதவில் தொங்கிப் படம் எடுத்துக்கொண்டு வந்தார்கள். பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ முகாமில் 2000 ஒக்டோபர் 25ஆம் திகதி, புனர்வாழ்வுக்கென்று வைத்திருந்த தமிழ் இளைஞர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் கும்பலால் கொல்லப்பட்டார்கள். வழக்கு நடந்தது. தண்டனை பெற்றிருந்தவர்களையும் 2005இல் உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. வடக்கிலும் கிழக்கிலும் அந்தப் பிள்ளைகளின் தாய்மார் இருக்கிறார்கள். நான் கண்ணை மூடி ஒரு நிமிடம் அவர்களை நினைத்தேன்.

ஹப்புத்தளையில் இறங்குகிறவர்கள் தம்பேதென்ன தொழிற்சாலையைப் பார்க்கப் போவார்கள். தோமஸ் லிப்டன் 1890இல் கட்டியது. அவர் உட்கார்ந்து தோட்டங்களைப் பார்த்த மலையுச்சிக்கு அவர் பெயரே இருக்கிறது. அதே ஹப்புத்தளைப் பக்கத்து மலைச் சரிவில்தான் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். திரும்பி வந்தபோது அவர்களுக்கு வீடு இருக்கவில்லை. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். மண்ணுக்குள் எத்தனை பேர் என்று முதல் நாட்களில் ஆளுக்கோர் எண்ணிக்கை சொன்னார்கள். எண்ணிக்கை தெரியாமல் போவது எப்படிப்பட்ட வலி என்று எங்களுக்குத் தெரியும். பெயர்ப் பட்டியல் இல்லாத இடத்தில் செத்தவர் இரண்டாம் முறையும் சாகிறார்.

நானுஓயா, ஹட்டன், நாவலப்பிட்டி தாண்டி கம்பளை. ஓட்டோவில் தோட்டத்துக்குப் போனோம். அருங்காட்சியகம் என்றால் பெரிய மாளிகை என்று மகள் நினைத்திருந்தாள். "அம்மா, இது பெரியம்மம்மாவின் வீடு போல இருக்கே!" என்றாள். உண்மைதான். பழைய லயக் காம்பராக்களையே அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். மக்கள் பாவித்த வீட்டுச் சாமான்கள், தொழிற்கருவிகள், தப்பு போன்ற வாத்தியங்கள், பழைய படங்கள், ஆவணங்கள். இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் திரும்ப முடியாத அந்தக் காம்பராவுக்குள் நின்றபோது, ஒரு குடும்பம் முழுவதும் இதற்குள் எப்படிப் படுத்தெழும்பியது என்று யாரும் விளக்கவேண்டி இருக்கவில்லை. இடமே சொல்லிற்று.

கண்டி ஹந்தானையில் இன்னொரு தேயிலை அருங்காட்சியகம் உண்டு. 2001இல் பழைய தொழிற்சாலை ஒன்றில் திறந்தது. அங்கே யந்திரங்களைப் பார்க்கலாம். 1867இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரைப் பற்றி அறியலாம். அது தேயிலையின் கதை. கம்பளையில் இருப்பது தேயிலை பறித்தவர்களின் கதை. இரண்டும் வேண்டும். ஆனால் இரண்டாவதை நாமே செய்யாவிட்டால் யாரும் செய்யமாட்டார்கள்.

செம்பு என் பையில் இருந்தது. வரும் வழியெல்லாம் அதை அங்கே கொடுப்பதா வேண்டாமா என்று மனம் இரண்டாகக் கிடந்தது. கொடுத்தால் பத்திரமாக இருக்கும். ஆயிரம் பேர் பார்ப்பார்கள். ஒருமுறை பையைத் திறந்து வெளியே எடுத்தேன். அந்தப் பிழையான எழுத்தில் விரல் பட்டது. திரும்பவும் துணியில் சுற்றி வைத்துவிட்டேன். எல்லாவற்றையும் இழந்த ஒருத்தி கடைசியில் கிடைத்த ஒன்றையும் கொடுக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்ததும் மனம் கேட்கவில்லை. செம்பின் கதையை இரண்டு பக்கத்தில் எழுதினேன். பொருள் என்னிடம் இருந்தாலும் கதையை ஊருக்குக் கொடுக்கலாம்தானே?

மேசை ஒன்று போதும்

இதை எங்கள் மாதர் சங்கத்தில் சொன்னேன். முதலில் சிரித்தார்கள். "எங்களிட்ட என்ன இருக்கு மியூசியம் வைக்க?" என்றார் ஒரு அக்கா.

தென்னாபிரிக்காவில் கேப் டவுன் நகரில் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்ற பகுதி இருந்தது. 1966இல் அதை வெள்ளையருக்கு மட்டும் உரிய இடம் என்று அரசு அறிவித்தது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரை வெளியேற்றி வீடுகளை இடித்தார்கள். 1994இல் அந்த மக்கள் பழைய சேர்ச் ஒன்றில் அருங்காட்சியகம் தொடங்கினார்கள். இடிபட்ட ஊரின் தெருக்களைத் தரையில் பெரிய வரைபடமாக விரித்தார்கள். வந்தவர்கள் தங்கள் வீடு இருந்த இடத்தில் பெயரை எழுதினார்கள். நீளமான துணியிலும் எழுதினார்கள். எழுதியதன்மேல் நூலால் தைத்தார்கள். அவர்களிடமும் வீடு மிஞ்சவில்லை. நினைவும் நூலும்தான் மிஞ்சியிருந்தன.

நம் நாட்டிலும் 2012, 2013ஆம் ஆண்டுகளில் ஹெர்ஸ்டோரீஸ் என்ற பெயரில் வடக்கிலும் தெற்கிலும் உள்ள தாய்மாரின் கதைகளைச் சேர்த்தார்கள். தாய்மார் கையால் எழுதிய கடிதங்களும் வரைந்த வாழ்க்கை மரங்களும் காட்சிக்கு வைக்கப்பட்டன. 2023இல் மலையக மக்கள் வந்து 200 ஆண்டு நிறைந்ததை நினைத்து, ஜூலை 28 தொடங்கி ஓகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்குப் பழைய வழியே நடந்தார்கள்.

இதையெல்லாம் சொன்னபின் அடுத்த கூட்டத்துக்கு ஒன்பது பேர் பொருளோடு வந்தார்கள். ஒருவர் இப்போது இல்லாத வீட்டின் திறப்பு. ஒருவர் முகாமில் தந்த குடும்ப அட்டை. ஒருவர் பதுங்குகுழிக்கு மண்மூட்டை தைக்கவென்று வெட்டிய கல்யாணச் சேலையின் கரை. சங்கக் கட்டடத்தில் ஒரு மேசையில் வெள்ளைத் துணி விரித்து வைத்தோம். நடுவில் அம்மாவின் செம்பு.

எங்களுக்குள் சில விதிகள் வைத்துக்கொண்டோம். உங்களுக்கும் உதவலாம்.

ஒன்று: பொருளோடு ஒரு தாள் இருக்கவேண்டும். யாருடையது, எந்த ஊர், எந்த ஆண்டு, எதற்குப் பாவித்தது, யார் சொல்கிறார். எழுத முடியாதவருக்கு இன்னொருவர் எழுதி, வாசித்துக் காட்டவேண்டும்.

இரண்டு: பொருள் கொடுத்தவருக்கே சொந்தம். எந்த நாளும் காரணம் சொல்லாமல் திரும்ப எடுக்கலாம்.

மூன்று: காகிதங்களையும் படங்களையும் உடனே படம் பிடித்து, இரண்டு இடத்தில் வைக்கவேண்டும்.

நான்கு: விருப்பமில்லாததை யாரும் சொல்லத் தேவையில்லை. காணாமல் போன மகனின் படத்தை ஓர் அம்மா கொண்டுவந்தார். மேசைக்குக் கிட்ட வந்து, நின்று, திரும்பிப் போய்விட்டார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த மாதம் அவரே வந்து, படத்தை வைக்காமல் அவன் பெயரை மட்டும் எழுதிய தாளை வைத்தார். அது போதும்.

மூன்றாவது விதியை நாங்கள் எழுதியதற்கு நானே காரணம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டத்தில் பல இடங்களில் மலை சரிந்து நிறையப் பேர் மாண்டார்கள். இரண்டு நாள் பெரியம்மாவின் தொலைபேசி வேலை செய்யவில்லை. மூன்றாம் நாள் பேசினார். லயத்து ஆட்களைப் பாடசாலையில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் பெட்டி தண்ணீரில் ஊறிவிட்டது. தாத்தாவின் கடிதங்கள் கூழாகிவிட்டன. கப்பலேறியவர் எழுதிய கடிதமும் போய்விட்டது. அதை நான் படம் பிடித்திருக்கவில்லை. பற்றரி இல்லை என்று நான் தள்ளிப்போட்ட கடிதங்களில் அதுவும் ஒன்று.

அம்மாவின் படங்கள் இரண்டும் என் தொலைபேசியில் இருந்ததால் தப்பின. மகள் அதில் ஒன்றைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டிருக்கிறாள்.

பதுளை நகரின் நடுவில், ஊர் மக்கள் மூவினத்தாரும் சேர்ந்து தங்கள் பொருட்களைத் தாங்களே வைத்து, மூன்று மொழியிலும் கதை சொல்லும் ஓர் அருங்காட்சியகத்தைப் பார்க்கவேண்டும் என்பது என் ஆசை. கொழுந்துக் கூடையும் சிங்கள விவசாயியின் மண்வெட்டியும் முஸ்லிம் கடையின் தராசும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கவேண்டும். எரிந்த கடையின் கணக்குப் புத்தகமும் மீரியபெத்தையின் பெயர்ப் பட்டியலும் இருக்கவேண்டும். அதற்குக் கட்டடம் வரும்வரை காத்திருந்தால் பெட்டிகள் எல்லாம் நனைந்துவிடும். ஆகவே சகோதரிகளே, உங்கள் வீட்டில் இருக்கும் ஒரு பொருளின் கதையை இந்த வாரமே ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

போன வாரம் பெரியம்மா அழைத்தார். லயத்துக்குத் திரும்பிவிட்டார்களாம், மழை வந்தால் இன்னும் பயமாம். பேச்சை முடிக்குமுன் கேட்டார்: "செம்ப சும்மா காட்சிக்கு வச்சிருக்கியா, இல்ல தண்ணி ஊத்துறியா?"

"சங்கம் கூடுற நாளில மேசையில இருக்கும் பெரியம்மா. மற்ற நாளெல்லாம் வீட்டில, தண்ணியோட" என்றேன்.

"அப்ப சரி" என்றார்.